மஞ்சள் கோட்டுக்காரி

மில்வாக்கி நகரச் சதுக்கத்தில் ஒரு மாதம் மட்டும் நிற்கப்போகிற மரமண்டபத்தை இங்க்ரித்தும் அவளுடைய கூட்டாளி கர்ட்டிஸும் சேர்ந்துதான் வடிவமைத்தார்கள். எந்த வேலைக்கு அட்டை மாடல் செய்தாலும், அதற்குள் நகத்தளவில் இரண்டு காகித மனிதர்களை இங்க்ரித் ஒட்டிவைப்பாள். மஞ்சள் கோட்டுக்காரி அவள், தொப்பிக்காரன் கர்ட்டிஸ்.

"மண்டபம் எவ்வளவு உயரம்னு பாக்கறவங்களுக்குத் தெரியணுமில்ல?" என்பாள்.

திறப்பு விழாவன்று வாசல் பலகையில் கர்ட்டிஸின் பெயர் மட்டும் இருந்தது. பக்கத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் மாடல். தொப்பிக்காரன் நடுநாயகமாக நின்றான். மஞ்சள் கோட்டுக்காரி நின்ற தூணோரத்தில் ஒரு துளி பசைதான் காய்ந்து கிடந்தது.

"என்ன கர்ட்டிஸ் இது?"

"கமிட்டியில ஒரு பேருதான் கேட்டாங்க. இதைப் போய் பெருசு பண்ணாத, இங்க்ரித். அடுத்தது உன் பேர்ல போட்டுக்கலாம்."

சொல்லும்போது அவன் குரலில் ஒரு பிசிறுகூட இல்லை.

அவள் மண்டபத்துக்குள் போனாள். அதே தூணோரம், பலகைத் தரையில், பெரிய தட்டளவுக்குப் பசை வட்டமாகக் காய்ந்திருந்தது. வந்தவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். அவள் அதன்மேல் ஏறி நின்றாள். இரண்டு பாதங்களும் கச்சிதமாகப் பொருந்தின. திரும்ப எடுக்க வரவில்லை. கூப்பிடப் பார்த்தாள், வாயும் திறக்கவில்லை.

கர்ட்டிஸ் விருந்தாளிகளை அழைத்துக்கொண்டு வந்தான். ஒரு பெண்மணி இங்க்ரித் போட்டிருந்த மஞ்சள் கோட்டைக் காட்டி, "அவங்க யாரு?" என்று கேட்டாள்.

கர்ட்டிஸ் இங்க்ரித்தின் முகத்தை நேராகப் பார்த்தான்.

"யாருமில்லைங்க. மண்டபம் எவ்வளவு உயரம்னு பாக்கறவங்களுக்குத் தெரியணுமில்ல?" என்றான்.