மூன்றாவது டேப்

மார்னி கத்தியால் பெட்டியின் டேப்பை அறுத்தாள். அதற்கடியில் மஞ்சளேறிய இன்னொரு டேப், ஏற்கெனவே அறுபட்டது.

பீங்கான் ஆலையின் தொழிற்சங்கச் செயலாளராக இருந்த எல்டன் புரூபேக்கரின் பெட்டி. அவர் சமையலறையில் காபி போட்டுக்கொண்டிருந்தார்.

அடியில் ஓர் உறை. பெறுநர்: தொழிலாளர் துறை, வாஷிங்டன். மூலையில் மூன்று தபால்தலைகள்.

ஒன்றின் மீதும் முத்திரை இல்லை.

பசை காய்ந்து உறையின் வாய் பிளந்திருந்தது. உள்ளே ஒரு மனு, நானூற்றுப் பன்னிரண்டு கையெழுத்துகளோடு.



வெளிநாட்டுப் பீங்கான் வந்து குவிந்ததில் ஆலை மூடியது. அப்படி வேலை போனவர்களுக்கு அரசு உதவித்தொகை உண்டு. ஒரு வருடத்துக்குள் மனு அனுப்ப வேண்டும். ஊரே கையெழுத்துப் போட்டது. மனு வரவேயில்லை என்று வாஷிங்டன் கைவிரித்தது.

அது பச்சைப் பொய் என்பதுதான் வரலாற்றுப் பேராசிரியர் மார்னி வெஸ்காட்டின் புத்தகம். ஆறு வருட உழைப்பு. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

மனுவின் தலைப்பில் சிவப்பு மையில் எழுதியிருந்தது: தபாலில் சேர்க்கக் கடைசி நாள், 1983 நவம்பர் 28, திங்கள்.

நிமிர்ந்தாள். எதிர்ச்சுவரில் கொம்பு விரித்த மான் தலை. கீழே பித்தளைத் தகட்டில் எல்டனின் பெயரும் அதைச் சுட்ட தேதியும்.

28 நவம்பர் 1983.

அந்த வருட மான் வேட்டைப் பருவத்தின் முதல் நாள். இந்த ஓஹையோ மலைப்பக்கத்தில் அன்றைக்குப் பள்ளிக்கூடம்கூடத் திறக்காது.

சமையலறையில் கோப்பைகள் உரசின. செருப்புச் சத்தம் நெருங்கியது.

உறையைப் பைக்குள் வைத்தால் புத்தகம் செத்தது. பெட்டிக்குள் வைத்தால்?

அவர் வந்து சேர இன்னும் நாலு எட்டு. மூன்று.

மார்னியின் கை முந்திக்கொண்டது. உறை அடியில் போயிற்று. அதன்மேல் கணக்கு நோட்டுகள், சந்தா ரசீதுகள்.

எல்டன் காபியை நீட்டினார். எண்பத்தைந்து வயதிலும் கை நடுங்கவில்லை.

"என்ன ப்ரொபசரம்மா, ஏதாச்சும் தேறுச்சா?"

"ஒண்ணும் இல்ல சார். எல்லாம் பழைய ரசீதுதான்."

அவர் அவளை வெகுநேரம் பார்த்தார். அப்புறம் மான் தலையை.

"முன்னாடி வந்த ரெண்டு ப்ரொபசருங்களும் இதையேதான் சொன்னாங்க."

மேசை இழுப்பறையைத் திறந்து, டேப் சுருளை எடுத்து அவள் முன் வைத்தார்.

"நீங்களே ஒட்டிடுங்கம்மா. அவங்களும் அவங்களேதான் ஒட்டுனாங்க."