ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாத புழு

ரசத்தில் மிளகு அதிகம் என்று குறை சொல்லிக்கொண்டே இரண்டு டம்ளர் குடித்துவிட்டு என் மனைவி பூங்குழலி பல்கலைக்கழகத்துக்குக் கிளம்பினாள். மதியம் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தபோது மாரடைப்பு வந்து போய்விட்டாள்.

அவளுடைய ஒட்டுண்ணி ஆய்வகத்தில், ஆய்வாளர்கள் தாங்கள் உருவாக்கும் புழுவை அவரவர் வயிற்றிலேயே வளர்ப்பது வழக்கம். சர்க்கரை நோய் வராமல் காக்கும் புழு. அவள் வயிற்றில் இருந்தது தாய்ப்புழு, பதினோரு வருட உழைப்பு. மாணவர்கள் குடுவையோடு மருத்துவமனைக்கு ஓடி அதைக் காப்பாற்றிவிட்டார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அவளுடைய மாணவி ஹாஜிரா அதே குடுவையோடு வீட்டுக்கு வந்தாள்.

“சார், நாங்க மூணு பேர் மாத்தி மாத்தி முழுங்கிப் பாத்துட்டோம். ரெண்டே நாள்ல வெளிய வந்துடுது. ஹாஸ்டல் சாப்பாடு அதுக்கு ஒத்துக்கலை. உங்க வீட்டுச் சாப்பாட்டுக்கே பழகிடுச்சு. இன்னிக்கு ஒரு வயிறு கிடைக்கலைன்னா செத்துடும் சார்.”

எங்கள் வீட்டில் சமையல் நான்தான். இத்தனை வருடத்தில் அதைக் குறை சொல்லாமல் சாப்பிட்ட ஒரே ஜீவன் இதுதான் என்று அப்போதுதான் தெரிந்தது.

“கழுவினியாம்மா?”

“மூணு தடவை சார்.”

கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினேன்.

ஒரு வாரமாகியும் அது வெளியே வரவில்லை. ஹாஜிரா படிவத்தோடு வந்தாள். புழு வளர்ப்பவர் என்ற இடத்தில் பூங்குழலியின் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதினாள். புழுவின் முகவரி என்ற இடத்தில், ‘மாற்றம் இல்லை’ என்று எழுதினாள்.