நான்காவது அறை

கல் கையைவிட்டுப் போன பிறகுதான் அவனுக்குப் புத்தி வந்தது.

வந்து என்ன பயன்?

எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் மேல் உட்கார்ந்திருந்த புறா, சத்தமே இல்லாமல் பின்பக்கம் சாய்ந்து விழுந்தது.

காலை ஆறு மணிக்கு விஜயவாடாவில் திறந்துவிட்ட அவனுடைய பந்தயப் புறா. நானூறு கிலோமீட்டரைக் கடந்து, பதினொன்று இருபதுக்கெல்லாம் வியாசர்பாடி மொட்டைமாடிகளுக்கு மேலே வந்துவிட்டது. அந்த வட்டாரத்திலேயே முதல் புறா அதுதான்.

ஆனால் ஊர் வந்து சேர்ந்தால் மட்டும் போதாது. கூட்டுக்குள் நுழைய வேண்டும். காலில் மாட்டியிருக்கும் ரப்பர் வளையத்தைக் கழற்றிக் கடிகாரப் பெட்டிக்குள் போட்டால்தான் அது வந்த நேரம் கணக்கு.

அது நுழையவில்லை. தொட்டி மேல் உட்கார்ந்து சாவகாசமாக இறகைக் கோதிக்கொண்டிருந்தது.

ஒரு நிமிடம்.

நான்கு நிமிடம்.

தானியத் தகரத்தைக் குலுக்கினான். விசில் அடித்தான். பல்லைக் கடித்தான்.

விரட்டுவதற்குத்தான் எறிந்தேன் என்று பிறகு எல்லோரிடமும் சொன்னான். விரட்டுகிறவன் கை தட்டுவான். குனிந்து ஜல்லி பொறுக்க மாட்டான்.

ஆத்திரம் வந்தால் அவன் கைக்கு எது அகப்படுகிறதோ அது பறக்கும். சொம்பு பறந்திருக்கிறது. சாப்பாட்டுத் தட்டு பறந்திருக்கிறது. ஒருமுறை இஸ்திரிப் பெட்டி. அதன் முனை பட்ட இடத்தில், அவன் மனைவி அமுலுவின் இடது புருவம் இன்றைக்கும் இரண்டு துண்டாகத்தான் இருக்கிறது.

புறா சாகவில்லை. மண்டை வீங்கி, கழுத்து ஒருபக்கம் திருகி, ஒரு வாரம் கிடந்தது. மாட்டாஸ்பத்திரி டாக்டர் அதன் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். மூளையில் அடி என்றார். பறக்கும், தின்னும், ஆனால் இடம் ஞாபகம் இருக்காது, புதிதாகச் சொல்லிக் கொடுத்தாலும் தங்காது என்றார்.

அவன் நம்பவில்லை. நானூறு கிலோமீட்டர் தெரிந்த பறவைக்கு நாலடி தெரியாதா?

தெரியவில்லை.

கூட்டில் எட்டு அறைகள். மேல்வரிசையில் கடைசி, நான்காவது, அதனுடையது. அதன் ஜோடி அங்கேதான் முட்டை மேல் உட்கார்ந்திருந்தது. அடிபட்ட புறாவைத் தரையில் இறக்கிவிட்டதும் அது நிமிர்ந்து பார்த்து, எழும்பி, இரண்டாவது அறைக்குள் நுழைந்தது.

உள்ளே இருந்த ஆண் புறா இறக்கையாலேயே ஓங்கி அறைந்தது. பிறகு தலையில் கொத்தியது. வீங்கிய இடத்திலேயே கொத்தியது.

அவன் எடுத்து நான்காவது அறையில் விட்டான். வாசலில் சிவப்புப் பெயின்ட் பூசினான். அதற்குப் பிடித்த வேர்க்கடலையை உள்ளே வைத்தான். பத்துத் தடவை தூக்கி வந்து, பத்துத் தடவை காட்டிக் கொடுத்தான். பத்தாவது தடவை சரியாகப் போனது. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் காலை மறுபடியும் இரண்டாவது அறை. மறுபடியும் ரத்தம்.

கொத்திய புறாவைக் குச்சியால் விளாசினான். இறகு பறந்தது. எட்டு அறைகளும் பார்த்துக்கொண்டிருந்தன.

அதற்கடுத்த நாள் முதல் அறை. அங்கேயும் அடி, அங்கேயும் கொத்து. ஒரு கண் போயிற்று. தனிப் பெட்டியில் அடைத்தால் சுற்றிச் சுற்றி வந்து கம்பியில் மண்டையை இடித்துக்கொண்டது.

அடையும் கூடு தெரியாத புறாவைப் பந்தயக்காரர்கள் வைத்துக்கொள்வதில்லை. கழுத்தில் இரண்டு விரல், ஒரு திருகு. அவனே எத்தனையோ புறாக்களுக்குச் செய்திருக்கிறான். செய்துவிட்டு அதே கையால் டீ குடித்திருக்கிறான்.

பன்னிரண்டாம் நாள், வெயில் ஏறியதும் மாடிக்குப் போனான். கூட்டைத் திறந்து கையை உள்ளே விட்டான்.

எல்லாப் புறாக்களும் பின்சுவரோடு ஒட்டிக்கொண்டன. குச்சி எடுத்த நாளிலிருந்து அப்படித்தான். முட்டை மேல் இருந்த ஜோடிகூட எழுந்து ஒதுங்கியது.

தரையில் சுற்றிக்கொண்டிருந்த அது மட்டும் நின்றது.

ஒற்றைக் கண்ணால் அவன் கையைப் பார்த்தது. தத்தித் தத்தி வந்தது. உள்ளங்கையில் ஏறி ஒரு சுற்றுச் சுற்றியது. காலை மடக்கி உட்கார்ந்தது.

பிறகு முனகியது. ஆண் புறா தன் அறைக்குள் போய் அமர்ந்ததும், ஜோடியை வா என்று கூப்பிடும் அடித்தொண்டை முனகல்.

அந்தக் கையின் இரண்டு விரல்களும் அதன் கழுத்தில்தான் இருந்தன. சூடாக இருந்தது.

துவைத்த துணி வாளியோடு அமுலு மேலே வந்தாள். இந்தா, இதைப் பாரேன் என்று காட்டுவதற்காக, மற்றொரு கையைத் தூக்கி அவளைக் கூப்பிட்டான்.

அவள் தலை சட்டென்று ஒருபக்கம் ஒதுங்கியது. வாளி கவிழ்ந்தது.

அடி எதுவும் விழவில்லை என்று தெரிந்ததும் நிமிர்ந்தாள். அவன் கைக்குள் இருந்ததைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"அதுக்கு மட்டுந்தான்யா மறந்துபூச்சு."

குனிந்து, மண் ஒட்டிய துணிகளை ஒவ்வொன்றாக வாளியில் எடுத்துப் போட்டாள். மறுபடியும் அலசக் கீழே இறங்கிப் போனாள்.

அவன் கையை அசைக்காமல் நின்றான்.

அது இன்னொரு தரம் கூப்பிட்டது.

நான்காவது அறையிலிருந்து எதுவும் வரவில்லை.