ஆடாத தலைகள்

பொழுது சாய்ந்ததும் ஆற்றங்கரைப் புதரிலிருந்து 'டங்கு டங்கு' என்று ஒரு சத்தம் வந்தது. அணில் பயந்துதான் போனாள். ஆந்தைப் பேராசிரியர் நடுக்க நோயை ஆராய வந்திருக்கிறார், அது மூளையைப் படம் பிடிக்கும் குழலின் சத்தம் என்று பக்கத்து மரத்தில் சொன்னார்கள். அவளுடைய மூத்த குட்டி சில்லானுக்குக் கைகால் ஓயாமல் நடுங்கும். ஒரு கொட்டையைக்கூடப் பிடித்துத் தின்ன வராது. அவனை அள்ளிக்கொண்டு ஆந்தையிடம் ஓடினாள்.

"உள்ளே ஆடாமல் படு தம்பி," என்றார் ஆந்தை.

"ஐயா, ஆடாமல் இருக்க முடிந்தால் இவனை ஏன் இங்கே தூக்கி வருகிறேன்?"

"ஆடினால் படம் கலங்கிவிடும் அம்மா. கலங்கிய படத்தை ஆய்வில் சேர்ப்பதில்லை. இதுவரை நடுங்கிக்கொண்டு வந்த எல்லாரையும் தள்ளிவிட்டோம்."

"அப்போ யாரைத்தான் சேர்த்தீர்கள்?"

ஆந்தை பெருமையோடு குழலுக்குள் கட்டைபோலக் கிடந்த கொக்கைக் காட்டினார். "என்ன ஒழுக்கம் பாருங்கள். இவர் தலையைப் பார்த்த பிறகுதான் எங்களுக்கே தெளிந்தது, இந்தக் காட்டில் நடுக்க நோயே கிடையாது."

"என் பிள்ளைக்கு இருப்பது?"

"செல்லம். கொஞ்சம் கண்டித்து வளருங்கள்."

அணில் சில்லானைத் தூக்கிக்கொண்டு திரும்பினாள். ஆந்தை அவள் வீடு வரைக்கும் பின்னாலேயே பறந்து வந்தார். "அம்மா, உங்கள் இளையவன் நல்ல சாது என்றார்களே. அவனை ஒரு தடவை அனுப்புங்களேன். இன்னும் ஒரு தெளிவான படம் வேண்டியிருக்கிறது."

"கொக்கையே இன்னொரு தரம் படுக்க வையுங்கள் ஐயா. அவருக்கு வேறு வேலை இருப்பதாகத் தெரியவில்லை," என்றவள், சில்லானைத் தம்பி பக்கத்தில் இறக்கிவிட்டு, உட்புறமாகத் தாழ்ப்பாளைப் போட்டாள்.