எல்லாத்துக்கும் பக்கம்

“பெத்த பொண்ணு குத்துக்கல்லாட்டம் அந்த ஊர்ல இருக்கும்போது, லாட்ஜ்ல ரூம் போட்ட மகராசன் உலகத்திலேயே நீங்க ஒருத்தர்தான்!”

ரயில் ஏறியதிலிருந்து மனைவி இதே பாட்டைத்தான் பாடிக்கொண்டிருந்தாள். கணவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. முப்பத்திரண்டு வருஷம் பஸ் நிலையத்தில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். எத்தனையோ டிரைவர்கள், கண்டக்டர்களின் கத்தலைக் கேட்டு மரத்துப்போன காது அது.

“பொண்ணு வீடு ஊர்க்கோடியில இருக்கு. எங்க போகணும்னாலும் ரெண்டு வண்டி மாறணும். பெரிய ஊருக்குப் போனா, பெட்டி வைக்கிற இடம் சரியா அமையணும். அது அமைஞ்சா மத்ததெல்லாம் தானா நடக்கும்.”

“நான் என்ன ஊர் சுத்திப் பார்க்கவா வரேன்? கல்யாணமாகி ரெண்டு வருஷத்துல அவகூட மனசுவிட்டு அஞ்சு நிமிஷம் பேசியிருப்பேனா? போன் பண்ணினா பக்கத்துல யாராவது இருக்காங்க. நாலு நாளாவது அவ முகத்தைப் பார்த்துக்கிட்டு இருக்கலாம்னு வந்தா, இப்படிப் பண்றீங்களே!”

“அதான் ஞாயித்துக்கிழமை சம்பந்தி வீட்டுக்கு வரோம்னு சொல்லியாச்சே.”

கணவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எங்கிருந்தோ வாங்கி வைத்திருந்த டைம்டேபிளுக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

“ஆறு எட்டு... ஆறு பத்து... ரெண்டே ரெண்டு நிமிஷம்! எந்தப் புண்ணியவான் போட்ட டைமோ, என் கையில கிடைச்சான்னா...” என்று பல்லைக் கடித்தார்.

‘வேலை விட்டாலும் வியாதி விடலை’ என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

லாட்ஜ், ஒரு ரயில் நிலையத்துக்கு நேர் எதிரே இருந்தது. காலையில் போய் இறங்கியதும் மேனேஜர் வாயெல்லாம் பல்லாக வரவேற்றார்.

“சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கீங்க சார். எல்லாத்துக்கும் பக்கம்! ரயில், பஸ், கடைத்தெரு, எல்லாமே நடந்துபோற தூரம்தான். பின்பக்கம் ரூம் தரேன். மரமெல்லாம் தெரியும், சத்தமே இருக்காது.”

“வேண்டாம். ஸ்டேஷனோட மூணாம் வாசல் தெரியற மாதிரி ரூம் இருக்கா?”

“இருக்கு. ஆனா ஒரே இரைச்சல் சார். கீழேதான் பஸ் ஸ்டாப்.”

“அதையே கொடுங்க.”

மனைவி தலையில் அடித்துக்கொள்ளாததுதான் குறை.

பெட்டியை வைத்த கையோடு மகள் போனில் வந்தாள். அம்மாதான் எடுத்தாள்.

“என்னம்மா இது? லாட்ஜாமே! ‘நம்ம வீடு உங்கப்பாவுக்கு ஆகாதா’ன்னு மாமியார் கேக்கறாங்க. நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் பதில் சொல்றது?”

எந்த லாட்ஜ், எந்தத் தெரு என்றுகூடக் கேட்காமல் வைத்துவிட்டாள். ஆபீஸிலிருந்து பேசுகிறாள், அதற்கு மேல் சண்டை போட நேரமில்லை.

அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. “பொண்ணு மனசையும் முறிச்சாச்சு. இப்ப சந்தோஷம்தானே?”

அவர் நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கைக்கடிகாரத்தையும் மூணாம் வாசலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் ஆறடித்ததும் செருப்பை மாட்டினார்.

“எங்க கிளம்பிட்டீங்க?”

“எதிர்லதான். இதோ வந்துடறேன்.”

கால் மணி நேரத்தில் கதவு திறந்தது. அவருக்குப் பின்னால், தோளில் ஆபீஸ் பையோடு மகள் நின்றாள்.

“நீ எப்படிடி இங்க?” அம்மாவுக்கு நம்பவே முடியவில்லை.

“தினமும் வர மாதிரி வெளியே வரேன், மூணாம் வாசல்ல அப்பா நிக்கறாரும்மா!”

கோபமாக இருக்க வேண்டும் என்றுதான் பார்த்தாள். முடியவில்லை. பை ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம். கட்டிலில் ஏறி அம்மா மடியில் தலையை வைத்துக்கொண்டாள்.

அவர் டீ வாங்கி வருகிறேன் என்று ஃபிளாஸ்க்கோடு கிளம்பினார். டீக்கடை வாசலிலேயே இருந்தது. ஆனாலும் அவர் திரும்பி வர இருபது நிமிஷம் ஆனது. வந்தபோது மகள் மூக்கை உறிஞ்சியபடி சிரித்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் கை அவள் தலையைக் கோதிக்கொண்டிருந்தது.

டீயை ஊற்றிக் கொடுத்துவிட்டு மணியைப் பார்த்தார். “ஆறு நாற்பத்திநாலு. கிளம்பும்மா, பஸ் வந்துடும்.”

“நாளைக்கும் வருவேம்மா!” படியிறங்கும்போதே குரல் கொடுத்தாள். அந்தக் குரலில் காலையில் இருந்த கடுகடுப்பு துளிகூட இல்லை.

மனைவி ஜன்னல் வழியே பஸ் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகுதான் கவலை வந்தது.

“லேட்டாப் போனா அங்க ஏதாவது சொல்ல மாட்டாங்களா?”

“எது லேட்டு? அவ தினம் போற பஸ்தான் அது. அவ ரயில் ஆறு பத்துக்கு வருது. வீட்டுக்குப் போற பஸ் ஆறு எட்டுக்கே கிளம்பிடுது. அடுத்தது ஆறு அம்பதுக்கு. ‘தினமும் இந்த ஸ்டேஷன் மூணாம் வாசல் பெஞ்சுல தனியா உட்கார்ந்திருக்கேம்பா’ன்னு போன வருஷம் ஒருநாள் என்கிட்ட சொன்னா.”

மனைவி அவரையே பார்த்தாள்.

“அவ வீட்டுல தங்கினா, போனதும் போகாததுமா நமக்கும் சேர்த்து அடுப்படியில நிப்பா. நீ நாலு நாளும் அவ முதுகைத்தான் பார்த்துக்கிட்டு இருந்திருப்பே.”

“அப்போ ரயிலுக்குப் பக்கம், பஸ்ஸுக்குப் பக்கம்னு அந்த மேனேஜர் சொன்னதெல்லாம்...?”

“அதெல்லாம் யார் பார்த்தா? அவ தனியா உட்கார்ந்திருக்கிற அந்த நாற்பது நிமிஷத்துக்கு எது பக்கம்னு மட்டும்தான் நான் பார்த்தேன்.”