வெளுத்துப்போன பாசி

இதைச் சரியாகச் சொல்வேனா என்று பயமாக இருக்கிறது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ஆராய்ச்சி விஷயத்தில் ஒரு வார்த்தை மாறினாலும் தப்பாகிவிடும்.

பழவேற்காட்டு ஏரிக்கரையில், எங்கள் குப்பத்தில், சுபஸ்ரீ என்ற பெண் ஆராய்ச்சிக்காக மூன்று வருஷமாகக் கடல்பாசி வளர்த்தாள். பாசித் தொட்டியைப் பார்த்துக்கொள்வது என் வேலை.

"இந்தப் பாசி கொஞ்சம் வெயிலை வெச்சே நெறைய வளருதுக்கா. எப்படின்னு தெரிஞ்சிட்டா, காட்டூர் வயல் நெல்லுக்கும் சொல்லிக்குடுக்கலாம்" என்பாள்.

"நெல்லு இன்னா ஸ்கூலுக்கா போவுது?" என்று சிரிப்பேன்.

போன வாரம் ஒரு காலையில் பாசி முழுவதும் வெளுத்துத் துவண்டு கிடந்தது. சுபஸ்ரீ தொட்டியைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"வேற வித்து இல்லக்கா. எல்லாம் போச்சு."

எல்லோரும் வேலுவைத்தான் பார்த்தார்கள்.

ஏரியில் பாடு என்று ஒரு முறை உண்டு. சீட்டு விழுந்த நாளில், விழுந்த இடத்தில்தான் வலை கட்டலாம். பாசிக் கயிறு கட்ட சுபஸ்ரீ மூங்கில் நட்டது வேலுவுக்கு விழுந்த இடத்தில். "அந்தத் தொட்டில மருந்து ஊத்தறேன் பாரு" என்று அவன் கத்தியது ஊருக்கே தெரியும்.

ஊர்க்கூட்டத்தில் சூடம் கொளுத்தினார்கள். வேலு உள்ளங்கையால் அடித்து அணைத்தான்.

"வாய்க்கொழுப்புல சொன்னேன். செய்யல நைனா."

தலைவர் அங்கமுத்து என் பக்கம் திரும்பினார். "லோகநாயகி, நீ இன்னா பார்த்தே?"

"விடியக்காலைல வேலு தொட்டிப் பக்கமா போனான்."

போனது நிஜம்.

"ஒரு வருஷத்துக்கு உனக்குப் பாடு இல்ல" என்றார் தலைவர்.

வேலுவின் மனைவி ராஜாத்திக்கு இது நிறைமாசம். மண்ணில் உட்கார்ந்து அழுதாள்.

"யக்கா, நான் வலை எடுக்கத்தான் வந்தேன்னு சொல்லேன். நீதான் பார்த்தியே!" என்றான் வேலு.

நான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன்.

ஏரியின் உப்புத் தண்ணீரைத் தவிர வேறெதையும் ஊற்றாதே என்று சுபஸ்ரீ படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். முந்தின நாள் ஏரி கலங்கிக் கிடந்தது. பாவம், அழுக்கில் கிடக்கிறதே என்று, லாரிக்கு வரிசை நின்று பிடித்த நல்ல தண்ணீரை ஆறு குடமும் தொட்டியில் ஊற்றினேன். காலையில் பாசி வெளுத்திருந்தது.

சுபஸ்ரீ வருவதற்குள் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, ஏரித் தண்ணீரை நிரப்பி வைத்தேன்.