பெஞ்சுக்கு அந்தப் பக்கம்

"மாமா, அந்தக் காலைக் கீழே வைக்காதீங்க."

மாமனாரின் வலது கால் பெஞ்சுக்கு மேலே அந்தரத்தில் நின்றது. கோழிப் பண்ணையின் நுழைவு அறையைக் குறுக்கே மறித்துப் போட்டிருந்த நீளமான பெஞ்சு அது. இந்தப் பக்கம் வெளியாட்கள் செருப்பு விடும் இடம். அந்தப் பக்கம் மஞ்சள் பூட்ஸ்கள் வரிசையாக இருந்தன. அங்கேதான் மருமகள் நின்றாள்.

"தண்ணிக் குழாய் ஒழுகுதான்னு பார்த்துட்டு வந்துடறேம்மா. ரெண்டு நிமிஷம்."

"நான் பார்த்துட்டேன், ஒழுகல. இப்ப எங்கேருந்து வர்றீங்க?"

அவர் பக்கத்துப் பண்ணை இருக்கும் திசையைக் காட்டிவிட்டு, காலை மெதுவாக எடுத்துக்கொண்டார்.

பக்கத்துப் பண்ணையில் நோய் வந்து, இருந்த கோழிகளை எல்லாம் புதைத்துவிட்டார்கள். அந்தப் பண்ணைக்காரர் மாமனாரின் பால்ய சிநேகிதர். ஆறுதல் சொல்லப் போனவர், கொட்டகை வாசலில் அவரோடு அரை மணி நேரம் நின்றுவிட்டு நேராக இங்கே வந்திருந்தார். செருப்பில் அந்த வாசலின் ஈரம்கூட இன்னும் காயவில்லை.

மருமகள் நோட்டைப் புரட்டினாள். மூன்று மாதம் கோழி வளர்ப்பு மாலை வகுப்புக்குப் போய் எழுதிய நோட்டு. நோய் கண்ட பண்ணையை மிதித்தவர் மூன்று நாள் கழித்துத்தான் உள்ளே வரலாம் என்று அதில் அடிக்கோடு போட்டிருந்தாள். ஆனாலும் உறுத்தியது. முப்பது வருடம் முன்பு இந்தப் பண்ணையைக் கட்டியவரை ஒரு நோட்டை நம்பி நிறுத்துவதா? இன்னொரு முறை படித்துப் பார்த்தாள். நோட்டு மனம் மாறவில்லை.

"மூணு நாள் கழிச்சு வாங்க, மாமா."

அவருக்கு முகம் சிவந்தது. தான் செங்கல் சுமந்து கட்டிய இடத்துக்குள் போக, நேற்று வந்தவளிடம் அனுமதி கேட்க வேண்டுமா என்று பொரிந்தார். பிறகு, செருப்பைக் கழற்றிவிட்டு வருகிறேன் என்று இறங்கி வந்தார். எல்லாவற்றுக்கும் அவள் இல்லை என்றே தலையாட்டினாள்.

"ரெண்டு நிமிஷத்துல என்ன குடியா முழுகிடப்போகுது?"

"போன தடவையும் இதைத்தான் சொன்னீங்க."

அவர் பெஞ்சை விட்டு ஓரடி பின்னால் நகர்ந்தார். அந்தத் தடவை ஒரே வாரத்தில் எட்டாயிரம் கோழிகள் செத்தன. நாளைக் காலை கால்நடை மருத்துவர் வந்து கொட்டகைத் தரையிலும் குழாயிலும் மாதிரி எடுக்கப் போகிறார். கிருமி இருந்தால் பண்ணையை இழுத்து மூட வேண்டியதுதான். குடும்பத்துக்கு வேறு பிழைப்பு கிடையாது.

சுவரில் தொங்கிய பதிவேட்டை மருமகள் காட்டினாள். 'வந்தவர்: மாமனார். அனுமதி: இல்லை' என்று அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டார். பேனாவை நீட்டியபோது அவள் வாங்கவில்லை.

"நீங்களே வெச்சுக்குங்க, மாமா. உங்க கை பட்டது, உள்ளே வரக் கூடாது."

அவர் கேட்டுக்கு வெளியே போய் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் தீவன லாரி ஒன்று வந்து நின்றது. ஓட்டுநர் இந்தப் பக்கம் புதிது. இறங்கியவர் நேராகக் கேட்டைத் தள்ளப் போனார்.

"நில்லுப்பா. சக்கரத்துக்கு மருந்தடிக்காம ஒரு அடி நகராது" என்றார் மாமனார். "பண்ணையைக் கட்டின என்னையே வெளியில உட்கார வெச்சிருக்கா என் மருமக. உன்னை விட்டுடுவாளா?"

சொல்லும்போதே அவர் முதுகு நிமிர்ந்தது. சட்டைப் பையில் இருந்த பேனாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

ஓட்டுநர் சிரித்தார். "அவ்வளவு கெடுபிடியா? உள்ளே எத்தனை ஆயிரம் கோழி, பெரியவரே?"

"ஒண்ணுகூட இல்ல. கழுவி, மருந்தடிச்சு மூடி ஒரு மாசமாச்சு. குஞ்சே அடுத்த வாரந்தான் வருது. காலிக் கொட்டகைக்கே இந்தப் பாடுன்னா, குஞ்சு வந்தப்புறம் எமனே வந்தாலும் குளிச்சுட்டுக் கையெழுத்துப் போட்டாத்தான் உள்ளே விடுவா."